பேராறு பிறக்கும் ஏரிக்கரையில்...



மழைக்காலத்தில் வீட்டு வாசலில் ஓடிய நீரைக் காலால் அணைகட்டித் தடுத்து விளையாடிய பருவம் உங்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். அதைவிடச் சற்றே பெரிய ஓர் ஓடையை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அகலம் சுமார் 18 அடி. ஆழம் முழங்கால் அளவு. நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கிறது. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். நடுவே வரிசையாகக் கிடக்கும் பாறைக் கற்களின்மேல் அடியெடுத்து வைத்துச் சிறு பிள்ளைகள்கூட அக்கரை போய்த் திரும்புகின்றனர்.

அந்த ஓடையின் பெயர் மிசிசிப்பி என்று சொன்னால் நம்புவீர்களா?

பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தை விரித்து, அமெரிக்காவின் நடுவே வடக்கிலிருந்து தெற்கு வரை நீலக்கோடாகக் காட்டினார்களே, அதே மிசிசிப்பிதான். பத்து மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு ஓடி, கீழே செல்லச் செல்ல ஒரு மைலுக்கு மேலும் அகன்று, சரக்குத் தோணிகளைத் தொடர் தொடராகச் சுமந்து செல்லும் அந்தப் பேராறு, மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் இட்டாஸ்கா என்னும் ஏரியிலிருந்து இவ்வளவு எளிமையாகத்தான் புறப்படுகிறது. அந்த ஏரியைச் சூழ்ந்திருக்கும் காடுதான் இட்டாஸ்கா மாநிலப் பூங்கா.

மினியாபோலிஸ் நகரில் குடியிருக்கும் என் மகள், சென்ற கோடையில் என்னை அங்கே அழைத்துச் சென்றாள். இன்று நம் குடும்பங்களில் அமெரிக்காவில் பிள்ளைகள் இல்லாத குடும்பங்களைக் காண்பது அரிதாகி வருகிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், கடைவீதிகளையும் வானளாவிய கட்டடங்களையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். அவர்கள் ஒருமுறையாவது இத்தகைய ஓர் இடத்திற்கும் சென்று வர வேண்டும் என்னும் ஆவலினாலேயே இதனை எழுதுகிறேன்.

புறப்படும் முன்

நம் நாட்டில் பூங்கா என்றால் ஊஞ்சலும் பூச்செடியும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மாநிலப் பூங்கா என்பது அதுவன்று. காடு, ஏரி, மலை, கடற்கரை என இயற்கை வளம் மிகுந்த நிலப்பரப்பை அந்தந்த மாநில அரசே சட்டம் இயற்றிப் பாதுகாத்து, மக்கள் வந்து தங்கிச் செல்ல வசதியும் செய்து தருகிறது. அதையே மாநிலப் பூங்கா என்கின்றனர். இட்டாஸ்கா பூங்காவின் பரப்பு 32,000 ஏக்கருக்கும் மேல். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன.

மினியாபோலிஸிலிருந்து ஏறத்தாழ 220 மைல் தொலைவு. காரில் நான்கு மணி நேரம் ஆகும். நுழைவதற்கு ஆளுக்கு ஒரு சீட்டு என்னும் முறை இல்லை; வாகனத்திற்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டால் அதிலுள்ள அனைவரும் செல்லலாம். பெரிய குடும்பங்களுக்கு இது மிகவும் வசதி. ஆனால் இரவு தங்க வேண்டுமாயின், கூடாரம் அடிக்கும் இடத்திற்கும் மரவீடுகளுக்கும் 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யத் தொடங்கிவிடுகின்றனர். கோடை விடுமுறையில் கடைசி நேரத்தில் சென்று இடம் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

உணவைப் பற்றிய கவலை நம்மவர்க்கு இயல்பு. மின்னசோட்டாவில் சோமாலிய முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழ்வதால், மினியாபோலிஸ் நகரில் ஹலால் இறைச்சிக் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கேயே இறைச்சியை வாங்கி, மசாலா தடவி, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றுவிட வேண்டும். பூங்காவுக்கு அருகிலுள்ள பார்க் ராபிட்ஸ் போன்ற சிற்றூர்களில் அவற்றைத் தேடி அலைவது வீண். கூடாரத் திடலில் தீ மூட்டுவதற்கென்றே இரும்பு வளையமிட்ட குழிகள் இருக்கின்றன. அங்கு மட்டுமே தீ மூட்டலாம். விறகைத் தொலைவிலிருந்து கொண்டு செல்லக் கூடாது. விறகுக்குள் ஒளிந்திருக்கும் மரம் துளைக்கும் பூச்சிகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குப் பரவிவிடும் என்பதே காரணம். நாம் ஊரில் விளையாட்டாகச் சுமந்து செல்லும் ஒரு கட்டு விறகு, ஒரு காட்டையே அழிக்கக்கூடும் என்பதை அங்குதான் அறிந்துகொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை மேசைமீது விட்டுச் செல்லக் கூடாது. அந்தக் காட்டில் கருங்கரடிகள் உள்ளன. உணவுப் பொருள்கள் அனைத்தையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கூடாரத்திற்குள் பிஸ்கட் துண்டுகூட இருக்கலாகாது என்று என் மருமகன் இரவில் இருமுறை சோதித்தார்.

பெயர் வந்த கதை

'இட்டாஸ்கா' என்பதை அந்நாட்டுப் பூர்வகுடிகளின் சொல் என்றே நான் எண்ணியிருந்தேன். கேட்பதற்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உண்மை வேறு.

ஒஜிப்வே எனப்படும் பூர்வகுடி மக்கள் இந்த ஏரியைத் தங்கள் மொழியில் 'பெருமான் ஏரி' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்து வந்தனர். மிசிசிப்பி என்னும் சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. 'பேராறு' என்பது அதன் பொருள். அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. பலர் தேடி வந்து, வேறு வேறு ஏரிகளைக் காட்டி இதுவே தலைநீர் என்று சொல்லிச் சென்றனர்.

1832ஆம் ஆண்டு ஹென்றி ஸ்கூல்கிராப்ட் என்னும் ஆய்வாளர் ஒரு குழுவோடு வந்தார். அவருக்கு வழிகாட்டியவர் ஒஜிப்வே தலைவர்களுள் ஒருவரான ஓசாவிண்டிப். படகுகளைத் தோளில் சுமந்து, சதுப்பு நிலங்களைக் கடந்து, அவர்தாம் அக்குழுவை அந்த ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏரியைக் கண்ட ஸ்கூல்கிராப்ட் அதற்குப் புதுப்பெயர் சூட்ட விரும்பினார். இலத்தீன் மொழியில் 'வெரிட்டாஸ்' என்றால் உண்மை. 'காபுட்' என்றால் தலை. முதற்சொல்லின் முன்பகுதியையும் இரண்டாம் சொல்லின் பின்பகுதியையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒட்டினார். 'இட்டாஸ்கா' பிறந்தது. உண்மையான தலை என்பது அதன் உட்பொருள்.

சிந்தித்துப் பாருங்கள். வழிகாட்டியவரின் மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. கண்டவர் பெயரை உலகம் ஏற்றது. காட்டியவர் பெயரை மறந்தது. ஏரிக்கு 'உண்மை' என்று பெயர் வைத்த இடத்தில் இந்த உண்மையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?

ஸ்கூல்கிராப்டுக்கும் முன்பே, வெகு காலத்திற்கு முன்பே, இங்கு மனிதர்கள் வாழ்ந்திருக்கின்றனர். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் காட்டெருமைகளை வேட்டையாடியோர் விட்டுச் சென்ற எலும்புகளும் கல்லாயுதங்களும் இந்த ஏரியின் ஓரத்தில் கிடைத்துள்ளன. ஏரிக்கரையின் மற்றோர் இடத்தில் பழங்குடியினரின் புதைமேடுகளும் இருக்கின்றன. அந்த இடத்தில் அமைதியாக நின்று வருவதே நாகரிகம்.

ஒரே ஒரு வாக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்னசோட்டாவின் பைன் காடுகளைக் கோடரி விழுங்கிக்கொண்டிருந்தது. நகரங்கள் எழும்பின, வீடு கட்டப் பலகை வேண்டும். நூறு நூறு ஆண்டுகளாக நின்ற மரங்கள் குளிர்காலத்தில் வெட்டப்பட்டு, வசந்தத்தில் ஆற்றுநீரில் மிதந்து மரம் அறுக்கும் ஆலைகளுக்குச் சென்றன.

ஜேக்கப் பிரவர் என்பவர் இந்த ஏரியின் நீர்வழிகளை அளந்து வரைபடம் ஆக்க வந்தவர். அளக்க வந்தவருக்கு, கண்முன்னே காடு அழிவது பொறுக்கவில்லை. பேராற்றின் பிறப்பிடத்தையாவது காக்க வேண்டும் என்று போராடினார். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் மாநிலச் சட்டமன்றம் பூங்காச் சட்டத்தை நிறைவேற்றியது. எத்தனை வாக்கு வேறுபாட்டில் தெரியுமா? ஒரே ஒரு வாக்கு!

அந்த ஒருவர் அன்று மறுத்திருந்தால், இன்று மின்னசோட்டாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா என்னும் பெருமையும் இல்லை. நாம் அண்ணாந்து பார்க்கும் மரங்களும் இல்லை. 'என் ஒருவனால் என்ன ஆகிவிடப் போகிறது' என்று சொல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மதகின்மேல் ஒரு கை

சட்டம் வந்துவிட்டதால் மட்டும் காடு தப்பிவிடவில்லை. எல்லைக்குள் இருந்த நிலத்தில் பெரும்பகுதி இன்னும் பிறர் கையில் இருந்தது. மரம் வெட்டுவோர் தம் வேலையை நிறுத்தவில்லை. வெட்டிய மரங்களை மிதக்கவிடுவதற்காக ஏரியின் வாயிலில் அணைகட்டி மதகை மூடினர். ஏரி நீர் உயர்ந்தது. கரையோர மரங்களின் வேர்கள் நீரில் மூழ்கின; மரங்கள் நின்றபடியே சாகத் தொடங்கின.

1903ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூங்காவின் ஆணையராக இருந்தவர் காலமானார். அவருக்கு உதவியாக இருந்த மகள் மேரி கிப்ஸ் தற்காலிக ஆணையராக நியமிக்கப்பட்டார். வயது 24. ஒரு பெண்ணிடம் இத்தகைய பொறுப்பு தரப்படுவது அந்நாட்டில் அன்று கேள்விப்படாத ஒன்று.

மேரி கிப்ஸ் அந்த அணைக்குச் சென்றார். மதகைத் திறவுங்கள் என்றார். மதகின்மேல் கைவைப்பவரைச் சுட்டுவிடுவதாகத் துப்பாக்கியுடன் நின்றவர்கள் மிரட்டினர். அவருடன் வந்திருந்த ஆண்கள் தயங்கி நின்றனர். அந்த இளம்பெண் முன்னே நடந்து சென்று, மதகின் நெம்புகோல்மீது தம் கையை வைத்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை.

அன்றோடு அனைத்தும் வெற்றியாக முடிந்தது என்று சொல்லி இந்த நிகழ்ச்சியை இனிமையாக்க நான் விரும்பவில்லை. வழக்கு மன்றங்களும் அரசியலும் குறுக்கிட்டன. சில மாதங்களிலேயே அந்தப் பொறுப்பு வேறொருவரிடம் சென்றுவிட்டது. பூங்காவில் மரம் வெட்டுவது அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. எனினும், காட்டின் சார்பாக ஒருவர் எழுந்து நின்றார் என்னும் செய்தி மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. இன்று ஆற்றின் பிறப்பிடத்தருகே வருவோரை வரவேற்கும் கூடத்திற்கு மேரி கிப்ஸ் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அவரை மிரட்டியவர்களின் பெயரைத் தேடி அங்கு யாரும் வருவதில்லை.

இதை என் எட்டு வயதுப் பேத்தியிடம் சொன்னபோது, அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உம்மம்மா, அவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா?" என்று கேட்டாள். "பயம் இருந்திருக்கும் கண்ணு, பயத்தோடுதான் கையை வைத்திருப்பார்" என்றேன். பயமே இல்லாதவர்தாம் துணிவுடையவர் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது சரியன்று.

கற்களின்மேல் நடந்து...

வரவேற்புக் கூடத்திலிருந்து சற்று நடந்தால் ஆறு பிறக்கும் இடம். அங்கே ஒரு மரத்தண்டில் மஞ்சள் எழுத்துகளில் செய்தி பொறித்திருக்கிறது: கடல் மட்டத்திற்கு மேல் 1,475 அடி உயரத்தில் தொடங்கும் இந்த ஆறு 2,552 மைல் வளைந்து சென்று மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது என்பது அதன் சாரம். வருவோர் அனைவரும் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

ஒரு வியப்பு. கடல் இருப்பது தெற்கில். ஆனால் ஆறு புறப்படுவதோ வடக்கு நோக்கி! பெமிட்ஜி என்னும் ஊர் வரை வடக்கே சென்று, பின்னர் கிழக்கே திரும்பி, ஏரிகள் பலவற்றினூடே புகுந்து வெளியேறி, அதன்பின்தான் தெற்கே தன் வழியைப் பிடிக்கிறது. வாழ்வில் தொடக்கத்தில் திசைமாறிச் செல்லும் பிள்ளைகளைக் கண்டு மனம் உடையும் பெற்றோருக்கு இந்த ஆறு ஓர் ஆறுதல் என்று சொல்லத் தோன்றியது.

மற்றொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. நாம் கால்வைத்து நடக்கும் அந்தக் கல்வரிசை இயற்கையாக அமைந்ததன்று. முன்பு அந்த இடம் சேறும் சதுப்புமாக இருந்தது. 1930களில், வேலையில்லாத் திண்டாட்டம் அமெரிக்காவை வாட்டியபோது, இளைஞர்களுக்கு வேலை தந்து இயற்கையைப் பேணும் படை ஒன்றை அந்நாட்டு அரசு அமைத்தது. அப்படையினர் சதுப்பைத் திருத்தி, ஆற்றின் வழியை ஒழுங்குபடுத்தி, கற்களைப் பதித்து இன்றைய தோற்றத்தைத் தந்தனர். அவர்களே பூங்காவில் பல கட்டடங்களையும் எழுப்பினர். அவற்றுள் ஒரு சிறு வீட்டின் சுவரைப் பார்த்தால் அந்தக் காலத்து மரங்களின் பருமன் விளங்கும்: நான்கே மரத்தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள், முழுச்சுவரும் எழும்பிவிட்டது!

கற்கள் பாசி படிந்து வழுக்கும். ரப்பர் அடியுள்ள செருப்பை வாரிட்டு அணிந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே நல்லது. முதியவர்கள் கல்வரிசையை நாட வேண்டாம். சற்றுத் தள்ளி மணற்பாங்கான இடத்தில் நீருக்குள் இறங்கி நடந்தே கடக்கலாம். நான் அப்படித்தான் கடந்தேன். மிசிசிப்பியை நடந்து கடந்தவள் என்று ஊரில் சொல்லிக்கொள்ள எனக்கும் ஒரு பெருமை கிடைத்தது.

மரங்களின் மௌனம்

ஏரியின் கிழக்குக் கரையில் 'போதகர் தோப்பு' என்று ஓர் இடம். அங்கு நிற்கும் செம்பைன் மரங்களுக்கு வயது 250க்கும் மேல். அடிமரம் செந்நிறச் செதில்களாய், கிளையின்றி நேரே உயர்ந்து, உச்சியில் மட்டும் பசுமை விரித்து நிற்கும். தரையெங்கும் உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடப்பதால் நடக்கும் ஒலியே எழாது. காற்று வீசும்போது மட்டும், தொலைவில் கடல் இரைவது போன்ற ஓர் ஓசை உச்சியிலிருந்து இறங்கி வரும்.

இந்தத் தோப்பு எப்படி உண்டாயிற்று? காட்டுத்தீயால்! முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எரிந்த தீ, தரையை மூடியிருந்த சருகையும் புதரையும் அகற்றி, வெறும் மண்ணைத் திறந்துவிட்டது. வெளிச்சமும் மண்ணும் கிடைத்த விதைகள் முளைத்தன. பிற்காலத்தில் காட்டைக் காக்கிறோம் என்று மனிதர் ஒவ்வொரு தீயையும் அணைத்தனர். அதன் விளைவாகப் புதிய பைன் கன்றுகள் முளைக்க இடமின்றிப் போயின. முளைத்த கன்றுகளின் குருத்தையும் பெருகிவிட்ட மான்கள் தின்றன. கிழவர்கள் மட்டும் வாழும், குழந்தைகளே இல்லாத ஊராகக் காடு மாறிற்று.

பிழையை உணர்ந்த அதிகாரிகள் இப்போது காலமும் காற்றும் பார்த்து, எல்லை வகுத்து, தாமே தரைமட்டத் தீயை மூட்டுகின்றனர். கன்றுகளை மான்களிடமிருந்து காக்க வேலியிடுகின்றனர். அன்பினால் செய்கிற காரியமும் அறிவோடு செய்யப்படாவிட்டால் தீங்காகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

உடல் வலிமை உள்ளவர்கள் காட்டின் நடுவே உள்ள 100 அடி உயரத் தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறலாம். அங்கிருந்து பார்த்தால் பச்சைப் போர்வையில் ஆங்காங்கே கண்ணாடி பதித்ததுபோல் ஏரிகள் மின்னும். மேற்கே காட்டைச் சுற்றிவரும் பத்து மைல் பாதையில் காரிலும் செல்லலாம். மிதிவண்டி வாடகைக்கும் கிடைக்கிறது.

தண்ணீரிடம் எச்சரிக்கை

இனி நான் சொல்லப் போவதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

இட்டாஸ்கா ஏரியில் நீராடுவதற்கென ஒரு மணற்கரை உண்டு. இரண்டாம் நாள் பிற்பகல் அங்கே சென்றோம். ஏரி அமைதியாக இருந்தது. என் ஆறு வயதுப் பேரன் காற்றடைத்த ரப்பர் வளையத்திற்குள் அமர்ந்து ஆழமற்ற நீரில் கைகளை அடித்துக்கொண்டிருந்தான். மருமகன் மறந்துவிட்ட துண்டுகளை எடுக்கக் காருக்குப் போயிருந்தார். மகள் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏரியின் அழகைப் பேத்திக்குக் காட்டி வருணித்துக்கொண்டிருந்தேன். அவன் நம் கண்முன்தான் இருக்கிறான் என்பது எங்கள் எண்ணம்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். வளையம் முன்பிருந்த இடத்தில் இல்லை. கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசிய மெல்லிய காற்று அதைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. பிள்ளை கூச்சலிடவில்லை, அழவில்லை. கால் தரையில் எட்டாததை உணர்ந்து, வளையத்தை இறுகப் பற்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் உடுத்த உடையோடு நீரில் பாய்ந்தாள். மார்பளவு நீரில் எட்டிப் பிடித்துவிட்டாள். இன்னும் பத்து நிமிடம் சென்றிருந்தால் அவளுக்கும் நிலைத்திருக்காது. அவளுக்கு நீந்தத் தெரியாது.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நலமாகக் கரை சேர்ந்தான். ஆனால் அன்றிரவு நாங்கள் யாரும் உறங்கவில்லை.

அன்று கற்றவற்றைச் சொல்கிறேன். நீரில் ஆபத்துக்குள்ளாகும் பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. மூச்சுக்குப் போராடும் வாயில் கூக்குரலுக்கு இடமிருக்காது. காற்றடைத்த வளையமும் மிதவையும் விளையாட்டுப் பொருள்கள், உயிர்க்காப்பு அல்ல. உடலளவுக்குப் பொருந்தி, இடுப்பில் வாரிட்டுக் கட்டும் உயிர்க்காப்புச் சட்டையையே அணிவிக்க வேண்டும். மின்னசோட்டாவில் ஓடும் படகில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை அதனை அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கரையில் காவலர் யாரேனும் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். பெரியவர்களுள் ஒருவர், முறை வைத்துக்கொண்டு, 'இந்தக் கால் மணி நேரம் என் பொறுப்பு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். எல்லாரும் பார்ப்பதாக எண்ணும்போது ஒருவரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று: நம் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தாருங்கள். கண்ணியமான உடையும், பெண்கள் மட்டும் நீந்தும் நேரமும் இன்று பல நகரங்களில் கிடைக்கின்றன. என் மகள் ஊர் திரும்பிய வாரமே அத்தகைய வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கூச்சம் கருதி நான் அவளுக்குச் சிறுவயதில் கற்றுத்தராமல் விட்டேன். அந்தத் தவறு அவள் பிள்ளையின் உயிரோடு விளையாட இருந்தது.

உண்ணியும் கொசுவும் நீண்ட பகலும்

ஜூன், ஜூலை மாதங்களில் அங்கு கொசு மிகுதி. அதனினும் கவனிக்க வேண்டியது உண்ணி. எள்ளளவே இருக்கும் ஒருவகை மான் உண்ணி, 'லைம்' எனப்படும் நோயைப் பரப்பும். முழுக்கைச் சட்டையும், காலுறைக்குள் செருகிய கால்சட்டையும் காட்டு நடைக்கு ஏற்றவை. நம் பெண்களின் உடை இவ்வகையில் இயல்பாகவே உதவுகிறது. ஆயினும் தரையில் புரளும் ஓரங்களை உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். மாலையில் பிள்ளைகளின் காதோரம், தலைமுடி, அக்குள், முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைச் சோதியுங்கள். உண்ணி கடித்திருந்தால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். பின்னர் காய்ச்சலோ, வட்டமாகச் சிவந்த தடிப்போ தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வடகோடி நாடாகையால் கோடையில் பகல் மிக நீளம். ஜூன் கடைசியில் கதிரவன் மறைய இரவு ஒன்பது மணி கடந்துவிடும். மஃரிபுக்குப் பின் இஷாவுக்காகக் காத்திருந்தால் நள்ளிரவு நெருங்கிவிடும். சிறிது உறங்குமுன் ஸுப்ஹும் வந்துவிடும். ஆகவே பகலில் சற்று ஓய்வெடுத்துக்கொள்வதும், தொழுகை நேர அட்டவணையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது. அங்கிருந்து கிப்லா ஏறக்குறைய வடகிழக்கு. அடர்காட்டில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் இருக்கலாம். ஒரு திசைகாட்டி கையில் இருந்தால் கவலையில்லை.

இருள் சூழ்ந்தபின் ஏரியிலிருந்து ஓர் ஓசை கேட்டது. அழுகையோ, சிரிப்போ என்று பிரித்தறிய முடியாத நீண்ட குரல். 'லூன்' என்னும் நீர்ப்பறவையின் குரல் என்றார் மருமகன். மின்னசோட்டா மாநிலத்தின் பறவை அது. முதலில் அஞ்சிய பேரன், பிறகு அதைப்போலவே கூவிப் பார்த்தான். அது மறுகுரல் கொடுத்தது. அல்லது கொடுத்ததாக நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

தொண்ணூறு நாள்

புறப்படும் காலையில் மீண்டும் அந்தக் கல்வரிசைக்குச் சென்றோம். பேத்தி குனிந்து, இரு கையாலும் நீரை அள்ளி மீண்டும் ஆற்றிலேயே விட்டாள். "இந்தத் தண்ணீர் எப்ப கடலுக்குப் போகும், உம்மம்மா?" என்றாள். இங்கு புறப்படும் ஒரு துளி கடலை அடையச் சுமார் 90 நாள் ஆகும் என்று அங்கே எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

நான் ஊர் திரும்பி, வீட்டு வேலைகளில் மூழ்கி, அதை மறந்தே போனேன். அக்டோபர் மாதத்தில் ஒருநாள் தொலைபேசி ஒலித்தது. எடுத்ததும் ஸலாம் சொல்லிவிட்டு அவள் சொன்ன முதற்செய்தி இதுதான்:

"உம்மம்மா, நான் விட்ட தண்ணீர் இன்னிக்குக் கடலுக்குப் போயிருக்கும்!"

அருமை வாசகர்களே, ஒரு பிள்ளை ஓர் ஆற்றை 90 நாட்கள் நெஞ்சில் வைத்திருந்தாள். அத்தகைய பிள்ளை நாளை எந்த ஆற்றிலும் குப்பை கொட்டமாட்டாள். எந்த மதகின்முன்னும் தயங்கி நிற்கமாட்டாள் என்று நான் நம்புகிறேன். இன்ஷா அல்லாஹ், உங்களுக்கும் வாய்ப்புக் கிட்டினால் உங்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். பிடித்த கையை மட்டும் தண்ணீரருகே விட்டுவிடாதீர்கள்.